நாமி தீவுக்கு ஒருநாள்: வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, அக்காவும் அத்தானும் கொரியாவில் சுவோனில் இருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மா, என் மனைவி எல்லாரும் அங்கே போகிறோம். ‘வின்டர் சொனாட்டா’ என்ற கொரியத் தொடரைப் பார்த்ததிலிருந்து மனைவிக்கு நாமி தீவு பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா சைவம். போய்வந்தவர்கள் சிலர் ‘அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மரம்தான்’ என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?”

தாராளமாகப் போகலாம் தம்பி. ஒரு நாள் போதும். அவர்கள் சொன்னதும் சரிதான், அங்கே இருப்பது மரம்தான். ஆனால் அந்த மரங்கள் எப்படி அங்கே வந்தன என்று தெரிந்துகொண்டு, காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு மட்டுமில்லை, அப்பா அம்மாவுக்கும் அது மறக்காத நாளாக இருக்கும். தொடரில் வந்த இடத்தைத் தேடிப் படம் எடுத்துவிட்டு மதியமே ஓடிவருகிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். நான் கொரியாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற நம் பக்கத்துப் பெரியவர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒரு விஷயம். தீவு என்றதும் நம் ஆட்கள் கடல், கப்பல், அலை என்று நினைத்துக்கொண்டு வாந்தி மாத்திரை வரைக்கும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். இது ஆற்றுத் தீவு. வட ஹான் ஆற்றின் நடுவில், பாதி நிலா வடிவத்தில் கிடக்கிற சமதளமான நிலம். 1940-களில் கீழே ச்சொங்ப்யோங் அணையைக் கட்டியபோது தண்ணீர் ஏறி, கரையோடு ஒட்டியிருந்த இந்தப் பகுதி தனித்துப் போனது. சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கரையிலிருந்து படகில் போக ஐந்தாறு நிமிஷம். படகு பெரியது, ஆட்டம் கிடையாது. அம்மா பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

இனி மரங்கள். 1965-ல் மின் ப்யோங்-டோ என்பவர் இந்த நிலத்தை வாங்கினார். கொரியாவின் மத்திய வங்கிக்குக் கவர்னராக இருந்தவர். அப்போது அது வெறும் மணல்காடு. வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே மரம் நட ஆரம்பித்தார். கொரியப் போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, நாடு முழுவதும் மலைகள் மொட்டையாகக் கிடந்தன. அந்தக் காலத்தில் ஒருவர் சொந்தக் காசைப் போட்டு, பலன் உடனே வராது என்று தெரிந்தும் வரிசை வரிசையாகக் கன்று வைத்திருக்கிறார். இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிற உயரம் எல்லாம் அவர் தொடங்கிவைத்த வேலைதான். தீவுக்குள் நடக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். அப்பாவிடம் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றிய பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மரவரிசையை அளந்து பார்க்கத் தெரியும்.

அப்புறம் பல வருஷம் அது சியோல் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, பாடி, குடித்து, குப்பை போட்டுவிட்டுப் போகும் இடமாக இருந்தது. 1997-ல் கொரியாவில் பொருளாதார நெருக்கடி வந்தபோது தீவும் கடனில் மாட்டியது. 2001-ல் காங் வூ-ஹ்யோன் என்ற ஓவியர் பொறுப்புக்கு வந்தார். சிறுவர் படப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். மாதச் சம்பளமாக 100 வொன் மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். நம் காசில் பத்து ரூபாய்கூட வராது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த குப்பையை வெளியே எடுத்து, காலி சோஜு மது பாட்டில்களைக் கொண்டே சுவர், விளக்கு, அலங்காரம் என்று செய்யவைத்தார். பச்சை பாட்டில்களை நெருப்பில் நெகிழவைத்துத் தட்டையாக்கிப் பதித்திருப்பதை இப்போதும் பார்க்கலாம். வெயில் படும்போது கிட்டே போய்ப் பாருங்கள், பாட்டிலின் கழுத்தும் அடிப்பாகமும் தெரியும். ‘நாமிநாரா குடியரசு’ என்று 2006-ல் விளையாட்டாக ஒரு தனி நாடாக அறிவித்ததும் அவர் காலத்தில்தான். அதனால்தான் படகுத்துறையில் டிக்கெட் வாங்கும் இடத்தைக் குடியுரிமைச் சோதனை வாசல் போல அமைத்திருக்கிறார்கள். அது விளையாட்டுக்காக வைத்த வாசல்தான், ஆனால் வெளிநாட்டில் இருக்கும்வரை நிஜ பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

தொடர் வந்தது அவர் பொறுப்புக்கு வந்த அடுத்த வருஷம். 2002 ஜனவரியிலிருந்து மார்ச் வரை கேபிஎஸ் தொலைக்காட்சியில் 20 பகுதிகளாக வந்தது. பே யோங்-ஜுன், சோய் ஜி-வூ நடித்தது. அடுத்த வருஷம் ஜப்பானில் என்எச்கே ஒளிபரப்பியதும் அங்கிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். கொரியத் தொடர் வெளிநாட்டில் பெயர் வாங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரிலும் 2013-ல் வந்த புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வீட்டு வரவேற்பறைக்கே கொண்டுவந்தது. இப்போது காலேஜ் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்து, சாப்பாட்டுப் பெயர் வரைக்கும் சொல்கிறார்கள்.

உங்கள் மனைவியிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்று, அக்டோபரில் பனி இருக்காது. தொடரில் தீவு முழுக்க வெள்ளையாக இருக்கும், அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காட்சி. நீங்கள் போகும்போது சிவப்பும் மஞ்சளும்தான். அது எந்த வகையிலும் குறைந்தது இல்லை. பெரியவர்களை அழைத்துப் போக அதுதான் சரியான பருவம் என்பேன். பனிக்காலத்தில் அங்கே மைனஸ் பத்துக்குக் கீழே போகும், ஆறு உறைந்து படகு பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும். முழங்கால் வலிக்காரரை அந்தக் குளிரிலும் வழுக்கலிலும் நடக்கவைக்கக் கூடாது.

இரண்டாவது, இருபது பகுதிகளும் இந்தத் தீவில் எடுத்ததில்லை. பள்ளிக்கூடக் காலத்து ஆரம்பப் பகுதிகளில் வருகிற காட்சிகள்தான் இங்கே எடுத்தவை. மரவரிசை நடுவே இருவரும் நடப்பது, மேஜையில் இரண்டு சின்னப் பனிப்பொம்மைகளை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் முத்தம், இதெல்லாம். கடைசிக் காட்சியில் கடலோரமாக வரும் வீடு தெற்கே கோஜே பக்கத்தில் ஓடோ என்கிற வேறொரு தீவு. சியோலிலிருந்து அது வெகுதூரம். ஒருநாள் கணக்கில் வராது. நாமியில் அந்த ஜோடியின் சிலை இருக்கிறது, படப்பிடிப்பு நடந்த இடங்களில் பலகையும் படமும் வைத்திருக்கிறார்கள். படகு இறங்கி நேராக அங்கே போய்விட்டால் ஒன்பது மணி அளவில் நிம்மதியாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கிவிடும். அப்போது அந்த மெட்டாசெக்கோயா வரிசையில் மனிதத் தலை இல்லாமல் ஒரு படம் எடுப்பது சிரமம்.

அந்த மெட்டாசெக்கோயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூமியிலிருந்து அழிந்துபோய்விட்டது, கல்லில் படிந்த தடம் மட்டும்தான் மிச்சம் என்று விஞ்ஞானிகள் நினைத்திருந்த மரம் இது. 1940-களில் சீனாவின் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் உயிரோடு நிற்பதைக் கண்டுபிடித்து, விதைகளை உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஊசியிலை மர வகைதான், ஆனால் பைன் மாதிரி வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்காது. இலையுதிர் காலத்தில் செங்கல் நிறத்துக்கு மாறி எல்லாம் கொட்டிவிடும். என் மாமியாரை அங்கே அழைத்துப்போனபோது கீழே விழுந்ததை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நெல்லி இலை மாதிரி இல்ல இருக்கு!” என்றார். உண்மைதான். மெல்லிய காம்பின் இரண்டு பக்கமும் சீப்புப்பல் அடுக்கியது போலச் சின்னச் சின்ன இலை. நெல்லி எப்படி ஒவ்வொரு இலையாக உதிர்க்காமல் ஈர்க்கோடு சேர்த்து உதிர்க்குமோ, அதே மாதிரி இதுவும் சிறு ஈர்க்கோடு விழும். அதனால் அந்தப் பாதையில் கால் வைத்தால் மெத்தென்று இருக்கும், சத்தம் வராது. உங்கள் அம்மாவையும் குனியவைக்காமல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுங்கள். அக்டோபர் கடைசியில் இந்த மரம் நிறம் மாறத் தொடங்கியிருக்கும், முழுச் சிவப்பு நவம்பர் நடுவில்தான் வரும். மேப்பிள் மரங்களும் கிங்கோ மரங்களும் உங்களுக்காகத் தயாராக இருக்கும்.

கிங்கோவிலும் ஒரு விசேஷம். தீவு குளிரான இடம் என்பதால் அங்கே கிங்கோ இலை சீக்கிரமே கொட்டித் தீர்ந்துவிடும். சியோல் நகரத்துச் சோங்பா வட்டாரத்தில் தெருவோரம் கொட்டுகிற மஞ்சள் இலையை அள்ளி லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து பரப்புகிறார்கள். நகராட்சிக்குக் குப்பையாகப் போக வேண்டியது இங்கே குழந்தைகள் அள்ளி வீசி விளையாடும் பாதையாகிவிட்டது. ‘சோங்பா கிங்கோ பாதை’ என்றே அதற்குப் பெயர்.

தீவுக்கு அந்தப் பெயர் வந்தது நாமி என்ற தளபதியால். 15-ஆம் நூற்றாண்டுக்காரர். 1467-ல் வடக்கே ஒரு கலகத்தை அடக்கிப் பெயர் வாங்கி, இருபது வயதுகளிலேயே போர்த்துறை அமைச்சரானவர். 1468-லேயே பொறாமைக்காரர்கள் ராஜத்துரோகப் பழி சுமத்த, மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் பழி நீங்கியது. தீவில் ஒரு கல்மேடு இருக்கிறது, அவர் உடல் அங்கேதான் கிடக்கிறது என்று காலம் காலமாக நம்பிக்கை. அங்கிருந்து கல்லை எடுத்துப் போனால் வீட்டுக்குக் கெடுதல் வரும் என்பார்கள். அவருடைய கல்லறை என்று பாதுகாக்கப்படுவது ஹ்வாசோங் என்ற ஊரில் இருக்கிறது. இருந்தாலும் அநியாயமாக உயிர்போன ஒரு வீரனை ஊர்மக்கள் விட்டுக்கொடுக்காமல் தங்கள் மண்ணில் வைத்துக் கும்பிடுவது நம் தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள்.

சரி, போகும் வழி. சுவோனிலிருந்து முதலாம் எண் வழித்தட மெட்ரோ நேராக யோங்சானுக்கும், அதைத் தாண்டி ச்சொங்னியாங்னிக்கும் போகும். இரண்டில் ஏதாவது ஒன்றில் இறங்கி ‘ஐடிஎக்ஸ் ச்சொங்ச்சுன்’ ரயிலைப் பிடியுங்கள். யோங்சானிலிருந்து காப்யோங் நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், ச்சொங்னியாங்னியிலிருந்து அதைவிடக் குறைவு. இருக்கை எண் போட்ட ரயில், நடுவில் இரண்டு பெட்டிகள் மாடிப்பெட்டி. மேல்தளத்தில் இடம் கிடைத்தால் ஆறும் மலையும் நன்றாகத் தெரியும், ஆனால் படி ஏற வேண்டும், அம்மாவுக்காகக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மெட்ரோவும் காப்யோங் வரை போகிறது, கட்டணம் குறைவு, ஆனால் நிறைய நிறுத்தம். சில நேரம் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். பெரியவர்களோடு போகும்போது அங்கே காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

காப்யோங் நிலையத்திலிருந்து படகுத்துறை இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடந்துபோகிறவர்கள் உண்டு. நீங்கள் நான்கு பேர், டாக்ஸி எடுங்கள், சில நிமிஷத்தில் கொண்டுவிடும். டிரைவரிடம் ‘நாமிசோம்’ என்று சொன்னால் போதும். இல்லாவிட்டால் அத்தானைக் கொரிய எழுத்தில் அடித்து செல்போனில் அனுப்பச் சொல்லி அதைக் காட்டுங்கள். வழி பார்க்க ‘நேவர் மேப்’ போட்டு வையுங்கள், அந்த ஊர் ஆட்கள் பார்ப்பது அதைத்தான். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ‘டி-மணி’ கார்டு ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். படகுக் கட்டணமும் தீவு நுழைவும் ஒரே டிக்கெட்டில் அடக்கம். விலை அவ்வப்போது மாறுவதால் புறப்படும் வாரத்தில் தீவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். துறையில் ஒரு 80 மீட்டர் கோபுரத்திலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு ஆற்றுக்கு மேலே தீவுக்குப் போகிற ஜிப் வயரும் இருக்கிறது. மனைவிக்கு ஆசை இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் அதில் போங்கள், ஆனால் அப்பா அம்மாவைத் தனியாகப் படகில் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். அக்காவோ அத்தானோ கூட வந்தால்தான் அந்த யோசனை.

தீவுக்குள் ஏற்ற இறக்கம் இல்லை. அம்மாவுக்கு அது பெரிய வசதி. படகுத்துறைப் பக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. சுற்றிக்காட்டும் மின்வண்டியும் உண்டு. போகும்போது ரயிலில் போய், நடுவிலுள்ள மரவரிசைகளை மெதுவாக நடந்து பார்த்து, பெஞ்சு கண்ட இடத்தில் உட்கார்ந்து, திரும்பும்போது மறுபடி ரயில். இப்படிச் செய்தால் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. அம்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஆற்றோரமாக ஒரு சுற்று வந்துவிடலாம். கூட்டம் எல்லாம் நடுப்பாதையிலேயே நிற்கும். கரையோரப் பாதையில் எந்த நேரமும் ஆள் குறைவு. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் பைன் மரத்துக்குக் கீழே அணில் விதையைத் தூக்கிக்கொண்டு ஓடும். எனக்குத் தீவில் பிடித்த இடம் அதுதான்.

சாப்பாடு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த வட்டாரம் ‘தக்கால்பி’ என்கிற காரமான கோழிக்குப் பேர்போனது, படகுத்துறைக்கு எதிரே வரிசையாக அந்தக் கடைதான். கோழி சாப்பிடுகிறவர்கள் திரும்பும் வழியில் தைரியமாக உட்காரலாம், காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். தீவுக்குள் பழைய காலத்துத் தகரடப்பாச் சாப்பாடு கிடைக்கும். டப்பாவை மூடிப் பலமாகக் குலுக்கிச் சோற்றையும் கூட்டையும் கலந்து சாப்பிட வேண்டும், பார்க்கவே உற்சாகமாக இருக்கும். ஆனால் அதில் முட்டையும் கிம்ச்சியும் இருக்கும். கிம்ச்சி முட்டைக்கோஸ்தானே என்று அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பெரும்பாலும் மீன் சாறோ உப்புப்போட்ட இறாலோ சேர்த்துத்தான் போடுவார்கள். அதனால் சுத்த சைவக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: விடிகாலையில் அக்கா வீட்டில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், கொஞ்சம் புளியோதரையும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையிலிருந்து போகும்போதே பொடியும் நல்லெண்ணெயும் பெட்டியில் இருக்கட்டும். உருளைக்கிழங்கை அரைத்துச் சுடும் அடையும், சுடச்சுட ‘ஹொத்தோக்’ என்கிற வெல்லப்பாகு அடைத்த பணியாரமும் கிடைத்தால் என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்கிக் கொடுங்கள். மேலப்பாளையத்திலிருந்து போகிறவர்களும் கேட்பதுண்டு. தீவில் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகமும் தொழுகை அறையும் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் அங்கே காலை ஐந்து டிகிரி அளவில் இருக்கும், மதியம் பதினைந்தைத் தொடும். மாஞ்சோலைக் குளிரைப் பார்த்தவர்கள்கூட ஆற்றுக்காற்றில் நடுங்கிவிடுவார்கள். இங்கே கடைகளில் தேடி கனமான கோட்டு வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். உள்ளே போடும் வெப்ப உடையும் மேல்கோட்டும் அங்கேயே நல்லதாக, நியாயமான விலையில் கிடைக்கும். முதல் நாளே அக்காவோடு கடைக்குப் போய்விடுங்கள். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது அப்பா அம்மாவுக்குப் பழகின, நல்ல பிடிப்புள்ள ஷூ. புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முறை போடுவது வேண்டாம், இங்கே கட்டபொம்மன் நகரோ மகாராஜ நகரோ, காலையில் நடக்கும்போது போட்டுப் பழக்கிவிடுங்கள். அம்மா முழங்கால் பட்டை போடுகிறவர் என்றால் அதையும் மறக்க வேண்டாம்.

சியோலிலிருந்து பஸ் பேக்கேஜில் நாமி, பெத்தித் பிரான்ஸ் (பிரெஞ்சுக் கிராமம் போலக் கட்டிய பூங்கா), காலை அமைதித் தோட்டம் மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்பார்கள். இளவட்டங்களுக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு வேண்டாம். தீவில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், அதில் பாதி வரிசையில் நிற்பதில் போகும், மீதி நேரம் வண்டியை விட்டுவிடுவோமோ என்ற பதற்றம். பெத்தித் பிரான்ஸிலும் நிறையத் தொடர் எடுத்திருக்கிறார்கள், அதனால் மனைவி ஆசைப்படலாம், ஆனால் அது மேட்டில் கட்டிய இடம், படிகள் அதிகம். மனைவிக்கு மிகவும் ஆசை என்றால் இன்னொரு நாள் நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வாருங்கள்.

நாள் எதுவாக இருந்தாலும் செவ்வாய், புதன், வியாழனில் வைத்துக்கொள்ளுங்கள். இலை நிறம் மாறும் அந்த மூன்று வாரமும் சனி ஞாயிறில் சியோலே கிளம்பி அங்கே வந்துவிடும், ரயிலில் இருக்கை கிடைக்காது. வார நாளிலும் போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே அத்தானைப் போடச் சொல்லுங்கள். மூன்றரை, நான்கு மணி ரயில் நல்லது. அதற்கு மேல் போனால் இருட்டும் குளிரும் சேர்ந்துகொள்ளும், சுவோன் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும், அம்மா தளர்ந்துவிடுவார்கள்.